ஒன்பதாம் ஆணி

அப்பாவின் பிக்கப் வண்டி என்னை வெல்மா ஏரி ஆய்வு நிலையத்தின் வாசலில் இறக்கிவிட்டது. அப்பா இறங்கவில்லை. இரும்புச் சுரங்கத்தில் ராத்திரி வேலையை முடித்துவிட்டு நேராக ஓட்டி வந்திருந்தார். காது மடலில்கூடச் சிவப்புத் தூசி.

“பாதியில வந்து நிக்காத,” என்றார். “முடிச்சுட்டு வா.”

எங்கள் வீட்டில் வாழ்த்து என்றால் அதுதான்.

அந்தக் கோடைக்காலக் களப்பயிற்சியை முடித்தால் எனக்குப் பட்டம். பட்டம் வந்தால் மாநில நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, பேசி முடிந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முடிக்காமல் திரும்பினால், அம்மா கூட்டிப் பெருக்குகிற அதே பள்ளிக்கூடத்தில் இன்னொரு துடைப்பம் காத்திருந்தது. அதனால் மற்றவர்களைப் போல ஏரியைப் பார்த்து வாயைப் பிளக்க எனக்கு நேரமில்லை. ஏரி கறுப்பாக இருந்தது. சுற்றிலும் பைன் மரங்கள். நடுத் தண்ணீரில் எங்கோ ஒரு லூன் பறவை, ஆள் அழுவதுபோலக் கத்தியது.

படகுக் கொட்டகைக்குள் பெட்ரோல் வாடையும் ஈரக் கயிற்று வாடையும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒன்றாக உள்ளங்கை அகலத்தில் பித்தளை வில்லைகள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. ஹால்வர்சன் மேடம் அதன் முன்னால் நின்றார். நிலையத்தின் தலைவர் அவர்தான். ஒட்ட வெட்டிய நரைமுடி, சிரிப்பை எங்கோ வைத்துவிட்டு மறந்துபோன முகம்.

“தண்ணிக்குப் போறப்ப உங்க வில்லைய நீங்களே சிவப்புக்குத் திருப்பணும். கரைக்கு வந்ததும் நீங்களே வெள்ளைக்குத் திருப்பணும். பலகை முழுக்க வெள்ளையாகாம சமையல்கட்டுல சாப்பாட்டு மணி அடிக்காது. பொழுது சாயறப்ப ஒரு சிவப்பு தெரிஞ்சாலும் சங்கு ஊதுவேன், எல்லாப் படகும் தேடப் போகும். ஒருத்தர் வில்லைய இன்னொருத்தர் தொடக்கூடாது. தொட்டா அன்னிக்கே மூட்டை கட்டிடலாம்.”

“மேடம், பசி தாங்காம செத்துட்டா எந்தப் பக்கம் திருப்பணும்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அது ஐவி, என் படகு ஜோடி. வாய் மூடாத பெண்.

மேடம் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தார்.

என் ஆணி ஒன்பது. மற்ற வில்லைகளில் வண்ணம் தேய்ந்து விளிம்பில் பித்தளை பல்லிளித்தது. என்னுடையதில் மட்டும் புது வண்ணம்.

“ஒன்பதா? ராசியான எண்ணு,” என்றான் ட்ரெவர். எங்களை மேய்க்கவும் படகுகளை எடுத்துக் கொடுக்கவும் வைத்திருந்த மூத்த மாணவன். அரிசோனாக்காரன், வரிசையான பற்கள், யாரிடமும் கோபப்படாத குரல். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். ராசி என்று சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, ஆணியையும் பார்க்கவில்லை.

அன்று மாலை, அறையில் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஐவி சொன்னாள்.

“உன் கட்டில்லதான் டி அவ படுத்திருந்தா. ஒன்பதாம் ஆணியும் அவளோடதுதான்.”

“எவ?”

“லோர்னா. போன வருஷம். உன்ன மாதிரியே சுரங்க ஊர்ப் பொண்ணு, உதவித்தொகையில வந்தவ. ஒரு வெள்ளிக்கிழமை ஜோடிக்குக் காய்ச்சல், இவ தனியா படகு எடுத்துட்டுப் போயிருக்கா. கரைக்கு வந்து வில்லைய வெள்ளைக்குத் திருப்பிட்டு, யார்கிட்டயும் சொல்லாம மறுபடி போயிட்டாளாம். பலகை வெள்ளை. யாரும் தேடல. மணி அடிச்சு, சாப்பிட்டு, தூங்கிட்டாங்க. விடிஞ்சு பாத்தா நடு ஏரியில, ஆழக்குழி மேல காலிப் படகு.”

“மறுபடி எதுக்குப் போனா?”

“யாருக்குத் தெரியும்? விதிய மதிக்காத பொண்ணுன்னு விசாரணையில எழுதி மூடிட்டாங்க.”

நான் படுத்துக்கொண்டேன். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து, விறைத்து, பசியோடு கரைக்கு வந்தவள், வெள்ளிக்கிழமை மீன் வறுவல் மணக்கிற நேரத்தில், திரும்பவும் நடு ஏரிக்குப் போனாளாம். எங்கள் ஊர்ப் பெண்ணைத் தெரிந்த எவனும் இதை நம்பமாட்டான். இப்படி ஒரு கதையைச் சொல்ல, கேட்பவர்கள் எல்லோரும் நல்ல வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

அந்த நிலையத்தில் உதவித்தொகை இடம் ஒன்றுதான் உண்டு. அவள் செத்துக் காலியான இடத்தில் நான் வந்திருந்தேன். அதற்கு என்ன உணர வேண்டும் என்று தெரியவில்லை. ஒன்றும் உணரவில்லை.

வேலை ஆரம்பித்தது. ஜோடிக்கு ஒரு படகு, படகுக்கு ஓர் இடம். எங்கள் இடம் ஆழக்குழி. ஏரியிலேயே ஆழமான பகுதி. அங்கே மேல் தண்ணீர்கூடச் சலனமில்லாமல் எண்ணெய் போலக் கிடக்கும். காலையில் போய் நங்கூரம் போட்டு, நீர் மொண்டு, அடிச் சேற்றை அள்ளி, சல்லடையில் அலசிப் புழுக்களைப் பொறுக்க வேண்டும். கடைசியாகத் தட்டு இறக்குவோம். கயிற்றின் நுனியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிய வட்டத் தட்டு. படகின் நிழல் பக்கம் குனிந்து, முகம் தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து, கண்ணின் இருபுறமும் கையை அணை கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். வெள்ளை கீழே போய்ப் போய் மறையும். மறைந்த இடத்தில் கயிற்றைப் பிடித்து, மெல்ல மேலே இழுத்தால் மறுபடி தெரியும். அந்த இரண்டு ஆழத்துக்கும் சராசரி எவ்வளவோ, அவ்வளவு தெளிவு தண்ணீருக்கு.

முதல் வாரத்திலேயே எங்கள் தட்டு மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் திரும்பத் தெரிய ஆரம்பித்தது. வெள்ளை மறையும். ஒரு பிடி கயிறு இழுப்பதற்குள் அங்கே வெள்ளை தெரியும். தட்டு இருக்க வேண்டிய இடத்துக்கு வெகு மேலே.

“கண்ணாடி போடு, டெல்லா,” என்றார் மேடம், நான் எழுதிய அளவுகளைப் பார்த்துவிட்டு. அப்புறம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் முறை சங்கு ஊதியது ஒரு செவ்வாய்க்கிழமை.

நாங்கள் எல்லோரும் சாப்பாட்டு அறைக்கு வெளியே தட்டோடு நின்றிருந்தோம். அன்று காட்டரிசி சூப். மணி அடிக்கவில்லை. அதற்குப் பதில் சங்கு ஊதியது. படகுகள் பறந்தன. மேடம் தலைகளை எண்ணினார். எல்லோரும் இருந்தோம். பலகையில் ஒன்பது மட்டும் சிவப்பு.

“நான் திருப்பினேன் மேடம்.”

“பின்ன அதுவா திரும்பிக்கிச்சா?”

நான் திருப்பினேன். விரல் நுனியில் அந்த வில்லை ஆணியில் உரசிய சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. இப்போது போய்த் தொட்டேன். ஈரம். சொட்டிக்கொண்டிருந்தது.

ஜூலை மாதம். ஏரியின் மேல் தண்ணீர் குளிக்கிற சூட்டில் இருந்தது. வில்லையில் இருந்த தண்ணீர் விரலைக் கடித்தது. அந்தக் குளிர் ஏரியில் ஓர் இடத்தில்தான் உண்டு.

அடியில்.

மோந்து பார்த்தேன். அழுகிய முட்டை நாற்றம். ஆழக்குழிச் சேற்றை வாளியில் கொட்டும்போது மட்டும் எழுகிற நாற்றம். கரையில் எங்கு தோண்டினாலும் அது வராது.

மறுவாரம் மறுபடி ஊதியது. மறுபடி ஒன்பது. இந்தத் தடவை எல்லோரும் என்னை முறைத்தார்கள். “சுரங்கத்துல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களோ?” என்று ஒருவன் முணுமுணுத்தான். ஐவி அவன் காலை மிதித்துவிட்டுப் போனாள்.

மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“இன்னொரு தடவ இப்படி நடந்தா நீ தண்ணிக்குப் போக முடியாது. தண்ணிக்குப் போகலைன்னா பயிற்சி முடியாது. உனக்கு அது என்னன்னு எனக்குத் தெரியும், டெல்லா. ஆனா இந்தப் பலகையில நான் விளையாட முடியாது.”

“விளையாடுறது நான் இல்ல மேடம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். 

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. செத்தவள்மேல் கோபம்தான் வந்தது. என்னிடம் இருப்பது இந்த ஒரு கோடைதான். அதைப் பிடுங்க அவளுக்கு என்ன உரிமை?

அடுத்த நாள் காலை. வெயில் சுள்ளென்று அடித்தது. ஐவி நங்கூரத்தைப் போட்டுவிட்டு எவனோ ஒருவனின் காதல் தோல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து தட்டை இறக்கினேன். வெள்ளை மங்கியது. பச்சையானது. மறைந்தது. இழுத்தேன். உடனே தெரிந்தது, மிக அருகில்.

“அளவு சொல்லு டி,” என்றாள் ஐவி.

நான் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன். தட்டு தண்ணீரைவிட்டு வெளியே வந்தது. படகுக்குள், என் காலடியில் வைத்தேன்.

கீழே பார்த்தேன்.

வெள்ளை அங்கேயே இருந்தது.

“ஐவி. இங்க வா.”

அவள் என் பக்கத்தில் குனிந்தாள். அவள் பேச்சு பாதியில் நின்றது. கீழே, கை எட்டுகிற ஆழத்தைவிடக் கொஞ்சம் கீழே, வட்டமாக, உள்ளங்கை அகலத்தில் வெள்ளை. மீனின் வயிறு இல்லை. அது அசையவில்லை. எங்களைப் பார்ப்பதுபோல நிலையாக இருந்தது.

பிறகு மெதுவாகத் திரும்பியது.

மறுபக்கம் சிவப்பு.

“மோட்டாரப் போடு,” என்றாள் ஐவி கிசுகிசுப்பாக. “டெல்லா. மோட்டாரப் போடு.”

அதன் பிறகு ஐவி இரண்டு நாள் சாப்பாட்டு அறையில் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ட்ரெவர் கொட்டகையில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருந்தான். நான் என் வில்லையைச் சிவப்புக்குத் திருப்பினேன். அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஏய் ஒன்பது, மூஞ்சிய இப்படி வச்சிருந்தா மீனெல்லாம் செத்து மிதக்கும்.”

“வேலையப் பாரு.”

“உனக்கு நல்லதுதான் சொல்ல வந்தேன். மறுபடி சிவப்பா நின்னா மேடம் உன்ன அனுப்பிடுவாங்க. கவலைப்படாத. உங்க படகு அந்தக் கரை முனையச் சுத்தி வர்றது தெரிஞ்சதும் நானே வெள்ளைக்குத் தள்ளிடறேன். யாருக்கும் தெரியாது.”

“அடுத்தவங்க வில்லைய தொடக்கூடாது.”

“அட, விதி விதின்னு!” சிரித்தான். “வெள்ளிக்கிழமை மீன் வறுத்து வச்சுட்டு மணி அடிக்காம உக்காந்திருந்தா எவனுக்குப் பொறுக்கும்? படகு கண்ணுக்குத் தெரிஞ்சா ஆளு வந்த மாதிரிதானே? எல்லாரும் செய்யறதுதான். போன வருஷம்கூட நான்தான் லோர்…”

நிறுத்தினான்.

குழாயிலிருந்து பெட்ரோல் வழிந்து அவன் செருப்பில் ஊற்றியது. அவன் பார்க்கவில்லை.

“போன வருஷம்?” என்றேன்.

“ஒன்னுமில்ல.”

“போன வருஷம் என்ன, ட்ரெவர்?”

“ஒன்னுமில்லன்னு சொல்றேன்ல!” அவன் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். குழாயைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கரைக்கு வரவே இல்லை. தனியாகப் போக அவளுக்குப் படகைக் கொடுத்தவன் இவன். தூரத்தில் அவள் படகு தெரிந்ததும் பசிக்கு வில்லையைத் திருப்பியவன் இவன். மணி அடித்தது. மீன் தின்றார்கள். அவள் வந்துகொண்டிருந்தாள், மோட்டார் நின்றிருக்கும், பனி மூடியிருக்கும், கத்தியிருப்பாள். பலகை வெள்ளை. செத்த பிறகு அவள் தலையிலேயே பழியைக் கட்டிவிட்டார்கள், ஏனென்றால் அவள் தலை கட்டுவதற்கு வசதியான தலை.

எல்லாம் பளிச்சென்று புரிந்தது. நெஞ்சு மட்டும் மரக்கட்டை மாதிரி கிடந்தது.

“என் வில்லைய தொட்டன்னா கைய ஒடிப்பேன்,” என்று வெளியே நின்ற அவனிடம் சொல்லிவிட்டுப் படகில் ஏறினேன். சாயங்காலம் மேடத்திடம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியவள் சொல்வதை யார் கேட்பார்கள் என்றும் நினைத்தேன்.

ஆழக்குழியில் எங்களுக்கு வேலை இழுத்துக்கொண்டே போனது. நான்கு தடவை சேறு அள்ளியும் வாளி காலியாக வந்தது. பொழுது இறங்கும்போது ஐவி நங்கூரத்தை இழுத்தாள். வரவில்லை.

“மாட்டிக்கிச்சு டி.”

“அடியில வெறும் சேறுதான். மாட்ட ஒன்னும் இல்ல.”

“அப்ப நீயே இழு.”

இழுத்தேன். கயிறு கொஞ்சம் தளர்ந்தது. பிறகு, கையிலிருந்து யாரோ பொறுமையாகத் திரும்ப வாங்கிக்கொள்வதுபோல, கீழே போனது.

மோட்டாரைச் சுண்டினேன். இருமியது, நின்றது. அதன் பிறகு இருமக்கூட இல்லை.

அப்போதுதான் பனி வந்தது. தண்ணீரிலிருந்து எழுந்து, கரையை அழித்து, பைன் மரங்களை அழித்து, படகின் மறுமுனையை அழித்தது. ஐவி என்னிடமிருந்து இரண்டு எட்டில் இருந்தாள். அவள் முகம் தெரியவில்லை. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மட்டும் தெரிந்தது.

“பரவால்ல,” என்றாள் ஐவி. அவள் பல் தந்தியடித்தது. “நம்ம வில்லை சிவப்பாதானே இருக்கு? சங்கு ஊதுவாங்க. தேடி வருவாங்க. நாம பேசாம உக்காந்திருந்தா போதும்.”

“ஆமா.”

“மேடம் திட்டுவாங்க. பரவால்ல. வருவாங்க.”

காத்திருந்தோம். காது மட்டும்தான் வேலை செய்தது. தண்ணீர் படகின் பக்கத்தை நக்கும் சத்தம். பிறகு, கரையிலிருந்து, பஞ்சுக்குள் சுற்றி வைத்ததுபோல ஒரு சத்தம் வந்தது.

சங்கு இல்லை.

சாப்பாட்டு மணி.

நிதானமாக அடித்தது. எப்போதும் போல அடித்தது. அடித்து முடித்தது.

“டெல்லா,” என்றாள் ஐவி. “மணி அடிக்குது.”

“கேட்டுச்சு.”

“பலகை முழுக்க வெள்ளையானாதானே…”

“ஆமா.”

“நாம இங்க இருக்கோமே டி.”

அவள் கத்தினாள். நானும் கத்தினேன். குரல் வாயைவிட்டு வெளியே வந்து அங்கேயே விழுந்தது. அந்தக் கணத்தில் எனக்கு லோர்னாவைத் தெரிந்தது. அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த மணியை அவளும் கேட்டிருப்பாள், இதே இடத்தில், தனியாக. நடு ஏரியில் உட்கார்ந்துகொண்டு, தான் கரைக்கு வந்துசேர்ந்ததாக மணி அடிப்பதைக் கேட்டிருப்பாள்.

படகின் அடியில் தட்டும் சத்தம் கேட்டது.

விரல் முட்டியால் கதவைத் தட்டுவது மாதிரி.

அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. கடும் குளிர் படகுப் பலகை வழியாக என் கால்களுக்குள் ஏறியது. ஐவி என் தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அளவுக் கயிறு படகின் ஓரத்தில் சுருட்டிக் கிடந்தது. அதன் நுனி தானாக நழுவித் தண்ணீருக்குள் இறங்க ஆரம்பித்தது. சுருள் சுருளாக. நான் எட்டிப் பிடித்தேன்.

மறுமுனையில் ஒரு பிடி இருந்தது.

நான் அழவில்லை. ஊரில் யாரிடமாவது பேசுவதுபோலத்தான் பேசினேன்.

“நான் உன் இடத்துக்கு ஆசைப்பட்டு வரல,” என்றேன் தண்ணீரைப் பார்த்து. “எனக்கும் வேற வழி இல்ல. உன் வில்லைய யாரு திருப்பினான்னு தெரியும். ட்ரெவர். அவனே உளறிட்டான். நீ கரைக்கு வரவே இல்ல. எனக்குத் தெரியும்.”

கயிறு இறுகியே இருந்தது.

“நான் சொல்லுவேன்,” என்றேன். “நம்பினாலும் நம்பாட்டியும் சொல்லுவேன். இப்ப என்ன வேணும் உனக்கு? நான் கீழ வந்தா மட்டும் உன்ன யாராவது தேடப் போறாங்களா?”

கயிறு தளர்ந்தது.

கரையில் சங்கு ஊதியது.

மேடமே ஓட்டி வந்தார், முன்னால் பெரிய விளக்கோடு. எங்களைப் படகு மாற்றி ஏற்றி, கம்பளியைச் சுற்றினார்.   கொட்டகைக்கு வந்ததும் என்னைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார்.

ஒன்பதும் ஐவியின் பதினொன்றும் சிவப்பு. ஒன்பதிலிருந்து தண்ணீர் வழிந்து, சுவரில் இறங்கி, தரையில் ஓடி, கதவு வரைக்கும் போயிருந்தது.

“சாப்பாட்டுல உக்காந்தோம்,” என்றார். “தண்ணி சாப்பாட்டு அறை வாசப்படி வரைக்கும் வந்துச்சு. குழாய் உடைஞ்சிருக்குன்னு நெனச்சு வந்து பாத்தேன். ட்ரெவர் இங்க நின்னுட்டிருந்தான். பதினொன்னு ஏற்கெனவே சிவப்பாகியிருந்துச்சு. ஒன்பத வெள்ளைக்குத் திருப்புறான். கைய எடுத்ததும் அது சிவப்பாகுது. மறுபடி திருப்புறான். மறுபடி சிவப்பு. நான் வந்தது அவனுக்குத் தெரியல. அழுதுட்டே திருப்பிட்டிருந்தான்.”

ட்ரெவர் மூலையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது.

“நான் பாத்தேன்,” என்றான். “சத்தியமா பாத்தேன். உங்க படகு கரை முனையச் சுத்தி வந்துச்சு. பனிக்குள்ள தெரிஞ்சுது. ஒருத்தி எழுந்து நின்னு கைய ஆட்டினா. அதனாலதான் ரெண்டு வில்லையையும் திருப்பினேன்.”

“ஒருத்தியா?” என்றாள் ஐவி.

“ஒருத்திதான்.”

“நாங்க ரெண்டு பேரு. குழிய விட்டு நகரவே இல்ல.”

அவன் ஐவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“போன வருஷமும் இப்படித்தான் பாத்தியா?” என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை. “அவ வில்லையும் நீதானா, ட்ரெவர்?”

அவன் நனைந்த கைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். 

மறுநாள் காலை அவன் காரில் ஏறிப் போய்விட்டான், அரிசோனாவுக்கு, அப்பா அம்மா வீட்டுக்கு. மேடம் கல்லூரிக்கு எல்லாவற்றையும் சொன்னார். நானும் சொன்னேன். முடிந்த விவகாரத்தைக் கிளற வேண்டாம் என்று பதில் வந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. என் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல. ஆனால் அவள் பெற்றோருக்கு மேடம் தானே போன் போட்டுப் பேசினார். நெடுநேரம் பேசினார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

அதன் பிறகு ஒன்பது நான் திருப்பியபடியே இருந்தது. ஈரம் இல்லை. எங்கள் தட்டு எங்கே மறைய வேண்டுமோ அங்கே மறைந்தது, எங்கே தெரிய வேண்டுமோ அங்கே தெரிந்தது. ஐவி மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தவே இல்லை.

பயிற்சி முடிந்த நாள், வழக்கப்படி எல்லோரும் அவரவர் வில்லையைக் கழற்றி மேடத்தின் கையில் கொடுத்தோம். நான் ஒன்பதைக் கழற்றினேன். வெள்ளை, காய்ந்து, வெயிலில் கொஞ்சம் சூடாகக்கூட இருந்தது. எல்லோரும் மூட்டை கட்டப் போனார்கள். அப்பாவின் வண்டி வர நேரமிருந்தது. நான் கொட்டகையில் தனியாக நின்றேன்.

பலகையில் ஒரே ஒரு வில்லை மிச்சம். முதல் ஆணியில். ட்ரெவருடையது. கழற்ற அவன் இல்லை. அவன் போன அன்றைக்கு அது வெள்ளையாகத்தான் இருந்தது, நானே பார்த்தேன்.

இப்போது சிவப்பு.

சுவரில் இருந்த போன் அடித்தது. எடுத்தேன்.

“யாரு?” என்றது குரல். மிக மெதுவாக. “டெல்லாவா?”

“ஆமா.”

“என் வில்லை எப்படி இருக்கு?”

நான் முதல் ஆணியைப் பார்த்தேன்.

“டெல்லா, ப்ளீஸ். இங்க சுத்துவட்டாரத்துல ஒரு குட்டை கூட இல்ல. வெறும் மணலு. மழை பெஞ்சு மாசக்கணக்காச்சு. ஆனா காலைல எழுந்தா கட்டில் நனைஞ்சிருக்கு. அந்த நாத்தம். வீட்டுல யாருக்கும் தெரியல, எனக்கு மட்டும்…” மூச்சு வாங்கினான். “அவங்ககிட்ட பேசினா காதுல விழாத மாதிரியே போறாங்க டெல்லா. நான் இங்க இல்லாத மாதிரி. அத வெள்ளைக்குத் திருப்பிடேன். ஒரே ஒரு தடவ. கைய நீட்டினா எட்டும் உனக்கு.”

எட்டும். ஒரு விரல் போதும்.

“அடுத்தவங்க வில்லைய யாரும் தொடக்கூடாது, ட்ரெவர்,” என்றேன்.

அவன் அழுதானா என்று தெரியவில்லை. அவன் குரலுக்குப் பின்னால் தண்ணீர் மரத்தை நக்கும் சத்தம் கேட்டது. ஒரே சீராக. அதற்கும் பின்னால், வெகு தூரத்தில், பஞ்சுக்குள் சுற்றி வைத்ததுபோல ஒரு மணி அடித்தது.

எனக்குத் தெரிந்த மணி. எங்கள் சமையல்கட்டு மணி.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சமையல்கட்டு பூட்டியிருந்தது. மணி கம்பத்தில் அசையாமல் தொங்கியது.

போனை வைத்தேன். முதல் ஆணியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. வெளியே அப்பா ஹாரன் அடித்தார். கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே போனேன்.